பண்ணை வீட்டு ஏல்: எது மரபு, எது முத்திரை?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறு பீர் ஆலைகளின் விலைப்பட்டியலில் 'பண்ணை வீட்டு ஏல்' என்று ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம். வைக்கோல் நிறம், பொங்கி நிற்கும் நுரை, மிளகும் ஆரஞ்சுத் தோலும் கலந்தது போன்ற மணம், நாக்கில் இனிப்பே தங்காத வறட்சி. பெரும்பாலும் இதுதான் அதன் இலக்கணம். வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்களுக்கும் இது பிடித்த வகை. நொதிக்கும்போது குளிர்விக்க வேண்டியதில்லை, கோடையிலும் செய்யலாம், சிறு பிசகுகளைப் பொறுத்துக்கொள்ளும் என்பார்கள். இந்தப் பானத்துக்கும் பண்ணைக்கும் உண்மையில் என்ன உறவு என்று கேட்கத் தொடங்கினால்தான் சிக்கல். கடந்த 20 ஆண்டுகளில் இந்தக் கேள்வியைத் தொட்டு நடந்த தேடல், பீர் வரலாற்றில் பலரும் முடிந்துபோனதாக எண்ணியிருந்த ஓர் அத்தியாயத்தை மறுபடி திறந்துவிட்டது.

தொழிற்சாலைகளுக்கு முந்தைய வட ஐரோப்பிய நாட்டுப்புறத்தில் பீர் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் பண்டமாக இருக்கவில்லை. ரொட்டி சுட்ட வீட்டிலேயே, வெண்ணெய் கடைந்த கைகளாலேயே அதுவும் தயாரானது. வயலில் விளைந்த பார்லியை முளைகட்டி உலர்த்தி மால்ட் ஆக்குவது, அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு வடிப்பது, சாற்றில் ஈஸ்ட்டைச் சேர்த்து நொதிக்க விடுவது என எல்லாமே பண்ணைக்குள் முடிந்தன. அன்றாடத்துக்கு வீரியம் குறைந்த ஒன்று. கிறிஸ்துமஸ், திருமணம், இழவு போன்ற நாட்களுக்கு வீரியமான ஒன்று. மேற்கு நார்வேயின் இடைக்காலச் சட்டத் தொகுப்பான குலாத்திங் சட்டம் இதைக் குடியானவனின் விருப்பத்துக்குக்கூட விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் ஏல் காய்ச்சியே ஆக வேண்டும். கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் நன்றி சொல்லி, நல்ல விளைச்சலும் அமைதியும் வேண்டி அதைப் புனிதப்படுத்த வேண்டும். தவறினால் ஆயருக்கு அபராதம். மூன்று குளிர்காலம் தவறியவனின் சொத்து பறிமுதலாகும், பாதி அரசனுக்கும் பாதி ஆயருக்கும். காய்ச்சியதற்காகத் தண்டிக்கும் அரசுகளையே அறிந்த நமக்கு, காய்ச்சாததற்காகத் தண்டித்த அரசு வேடிக்கையாகத்தான் தெரியும்.

இன்று வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் பண்ணை ஏல் என்றதும் எடுத்துக்கொள்ளும் முன்மாதிரி நார்வேயிலிருந்து வந்ததன்று. அது பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் வலோனியாவிலிருந்து, குறிப்பாக எனோ மாகாணத்திலிருந்து வந்த செசோன். துர்ப் என்ற சிற்றூரில் 1844இல் தொடங்கி, 1920இல் டுப்போன் குடும்பத்தின் கைக்கு வந்த ஆலையின் 6.5 சதவீத 'செசோன் டுப்போன்' இந்த வகையின் அளவுகோலாகவே ஆகிவிட்டது. இதனுடன் சேர்ந்து உலகம் சுற்றிய கதையும் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் வயல் வேலை இல்லாத நாட்களில் குடியானவர்கள் இதைக் காய்ச்சி வைத்தார்கள். கோடையில் அறுவடைக்கு வந்த கூலியாட்களின் தாகத்தை அது தணித்தது. ஆற்றுநீரைவிட அது பாதுகாப்பாகவும் இருந்தது. மைக்கேல் ஜாக்சனின் எழுத்துகளும் (பாடகரல்லர், அதே பெயர் கொண்ட ஆங்கிலேய பீர் எழுத்தாளர்), 2004இல் வெளியான பில் மார்கோவ்ஸ்கியின் நூலும் செசோனை அமெரிக்க வாசகர்களிடம் கொண்டு சேர்த்தன. கதையும் கூடவே போனது.

கேட்க இனிமையான கதை. சிக்கல் என்னவென்றால், 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களைப் புரட்டினால் செசோன் என்ற பெயர் தெளிவாகத் தென்படும் இடங்களில் ஒன்று லியேஜ், அதாவது ஒரு நகரம். அங்கே வணிக ஆலைகள் ஸ்பெல்ட் கோதுமை மால்ட்டைச் சேர்த்துக் காய்ச்சி, மாதக்கணக்கில் வைத்திருந்து விற்ற பானத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. டச்சு பீர் வரலாற்றாளர் ரூல் முல்டர் போன்றவர்கள் இதைச் சுட்டிக்காட்டி, கூலியாள் கதைக்கான பழைய சான்று மெலிவானது என்று வாதிடுகிறார்கள். எனோவில் பண்ணையும் ஆலையும் ஒரே வளாகத்தில் இருந்தது மெய்தான். ஆனால் பண்ணையில் அமைந்த ஆலை வேறு, பண்ணை தனக்காகக் காய்ச்சிக்கொண்ட பானம் வேறு. முன்னதற்கு வாடிக்கையாளர் உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு, வரி உண்டு. செசோன் அருமையான பீர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைப் பண்ணை மரபின் தலைமகனாக நிறுத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை.

தலைமகனைத் தேட வடக்கேயும் கிழக்கேயும் போக வேண்டும். நார்வேயின் மேற்குக் கரையில் வோஸ், ஹார்டாங்கர், சொங்ன், நடுப்பகுதியில் ஸ்டியோர்டால், ஸ்வீடனுக்குச் சொந்தமான கோட்லாந்து தீவு, தென்மேற்கு பின்லாந்து, லிதுவேனியாவின் வடகிழக்கில் பிர்ஷை, பஸ்வாலிஸ் பகுதிகள். இங்கெல்லாம் வீட்டில் காய்ச்சும் வழக்கம் அறுந்து போகவே இல்லை. நார்வே இனவியலாளர்கள் 1950களில் நாடெங்கும் வினாத்தாள் அனுப்பி வழக்கங்களைத் தொகுத்தார்கள். அதை அடிப்படையாகக் கொண்டு ஊட் நூர்ட்லான் 1969இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். பிறகு நெடுங்காலம் நார்வேக்கு வெளியே அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த மௌனத்தைக் கலைத்தவர் மென்பொருள் துறைக்காரரான லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல். பண்ணை பண்ணையாகப் போய்க் காய்ச்சுபவர்களின் அருகில் நின்று பார்த்து, வெப்பநிலை அளந்து, ஈஸ்ட் மாதிரி வாங்கி ஆய்வகங்களுக்கு அனுப்பினார். அவருடைய 2020ஆம் ஆண்டு நூல் இந்தத் துறையில் தவிர்க்க முடியாத வாசிப்பு.

இந்தத் தேடலில் வெளிப்பட்டவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு முரண். ஸ்டியோர்டாலில் குடியானவர்கள் இன்றும் சொந்தமாக மால்ட் செய்கிறார்கள். அதற்கென்றே கட்டிய சிறு வீடுகளில், துளையிட்ட பலகைகளின் மேல் முளைத்த பார்லியைப் பரப்பி, அடியில் ஆல்டர் விறகை எரித்துப் புகையோடு உலர்த்துகிறார்கள். புகை மணம் அந்த ஊர் ஏலின் உயிர். ஆனால் தங்கள் பழைய ஈஸ்ட்டை அவர்கள் இழந்துவிட்டார்கள். கடையில் கிடைக்கும் ரொட்டி ஈஸ்ட்டைப் போட்டு நொதிக்க வைக்கிறார்கள். வோஸில் இதற்கு நேர் எதிர். பாட்டன் காலத்து ஈஸ்ட் கையில் இருக்கிறது, மால்ட் பெரும்பாலும் மூட்டையில் வருகிறது. பின்லாந்தின் வீட்டு ஏலான சாஹ்தியும் ரொட்டி ஈஸ்ட்டில்தான் நொதிக்கிறது. அதில் எழும் வாழைப்பழ மணம்தான் சாஹ்தியின் அடையாளம் என்று இன்று கொண்டாடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் சாஹ்திக்கு மரபுச் சிறப்புப் பொருள் என்ற பாதுகாப்பையே அளித்தது.

ஆக, பண்ணை ஏலின் சாரம் இதுதான் என்று ஒரு பொருளைச் சுட்ட முடியாது. ஒவ்வோர் ஊரும் சந்தையில் எளிதாகக் கிடைத்ததைச் சந்தைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. சந்தை தர முடியாததை, தராததை, அல்லது தந்தும் பிடிக்காததை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டியோர்டாலின் புகை மால்ட்டை எந்தக் கடையும் விற்கவில்லை. வோஸின் ஈஸ்ட்டை அண்மைக்காலம் வரை எந்த ஆய்வகமும் விற்கவில்லை.

செய்முறையில் இந்த மரபுகள் ஒன்றையொன்று ஒத்தும் விலகியும் போகின்றன. ஜூனிப்பர் கிளைகளைக் கொதிக்க வைத்த நீரால் மால்ட்டை ஊறவைப்பது ஸ்காண்டிநேவியா, பின்லாந்து முழுவதும் பொதுவானது. வடிகட்டும் தொட்டியின் அடியிலும் அதே கிளைகள்தான் சல்லடை. பின்லாந்தில் ஆஸ்பென் மரத்தைக் குடைந்த 'கூர்னா' என்ற நீள்தொட்டியில் சாறு வடிகிறது. லிதுவேனியாவில் 'கெப்டினிஸ்' என்றொரு வகை உண்டு. ஊறிய மால்ட்டை அடுப்பில் வைத்து ரொட்டியைச் சுடுவது போலச் சுட்டு, கருகி மணக்கும் மேலோட்டோடு மறுபடி நீரில் கரைக்கிறார்கள். இதைவிடப் பழைய முறையின் தடயமும் கிடைத்திருக்கிறது. நார்வேயின் ட்ரொண்டெலாக் பகுதியில் பழைய பண்ணை முற்றங்களைத் தோண்டினால் வெப்பத்தில் வெடித்த கற்கள் அடுக்கடுக்காக வருகின்றன. உலோகப் பாத்திரம் அரிதாயிருந்த காலத்தில், நெருப்பில் காய்ந்த கற்களை மரத்தொட்டிக்குள் போட்டு நீரைச் சூடாக்கி ஏல் தயாரித்ததன் எச்சம் அவை என்பது அகழாய்வாளர் கெய்ர் க்ரொன்னெஸ்பியின் வாதம்.

வணிக ஆலையில் பழகியவரை அதிர வைக்கும் செய்தி, இந்த ஏல்களில் பல கொதிக்கவே வைக்கப்படுவதில்லை என்பது. வடித்த சாற்றை ஆறவிட்டு நேராக ஈஸ்ட் சேர்த்துவிடுகிறார்கள். கொதிக்க வைத்தால் புரதம் திரிந்து அடியில் போகும். இங்கே அது பானத்திலேயே தங்கி, வாயில் நிறையும் கனத்தைத் தருகிறது. தானிய மணம் அப்படியே நிற்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை, ஆயுள். கொதிக்காத ஏலைச் சில வாரங்களுக்குள் குடித்துத் தீர்ப்பது நல்லது. விருந்துக்கென்று காய்ச்சியவர்களுக்கு அது ஒரு குறையாகத் தோன்றியிருக்காது. வோஸ் மறுகோடியில் நிற்கிறது. அங்கே சாற்றை மூன்று நான்கு மணி நேரம் சுண்டக் காய்ச்சிச் செம்பழுப்பாக்குகிறார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்பட்டது ஈஸ்ட். மேற்கு நார்வேயில் அதற்குக் க்வைக் என்று பெயர். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, ஒரு காய்ச்சலின் அடியில் தங்கிய ஈஸ்ட்டை அடுத்ததற்கு எடுத்து வைத்தார்கள். நடுவில் மாதங்கள் கடக்கும் என்பதால் உலர்த்த வேண்டியிருந்தது. துளைகள் செதுக்கிய மரத்துண்டையோ, சிறு மரத்துண்டுகளைக் கோத்த வளையத்தையோ நொதிக்கும் பானத்தில் முக்கி எடுத்துக் காயவைத்துத் தொங்கவிட்டார்கள். சிலர் துணியில் பூசி உலர்த்தினார்கள். ஒரு வீட்டின் ஈஸ்ட் கெட்டுப்போனால் அண்டை வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். இப்படி ஒரே ஈஸ்ட் பள்ளத்தாக்கு முழுவதும் சுற்றி வந்து பிழைத்தது.

கார்ஷோல் சொன்ன அளவுகளை முதலில் பலர் நம்பவில்லை. சாதாரண ஏல் ஈஸ்ட்டை 18 முதல் 22 டிகிரி செல்சியஸில் நொதிக்க விடுவார்கள். 30ஐத் தாண்டினால் சாராய நெடியும் தலைவலியும்தான் மிச்சம் என்பது பாடநூல். வோஸ்காரர்களோ 40 டிகிரியை ஒட்டிய சூட்டில் க்வைக்கைப் போடுகிறார்கள். இரண்டே நாளில் நொதித்தல் ஏறக்குறைய முடிந்து, ஆரஞ்சு மணக்கும் தூய பானம் கிடைக்கிறது. ப்ரைஸ், டைராவா முதலானோர் கார்ஷோலுடன் சேர்ந்து 2018இல் 'ஃபிரண்டியர்ஸ் இன் மைக்ரோபயாலஜி' இதழில் வெளியிட்ட ஆய்வு சந்தேகத்தைத் தீர்த்தது. க்வைக் ஈஸ்ட்டுகள் மரபணு அடிப்படையில் தனிக் குழு. மனிதன் வளர்த்துப் பழக்கியவை. வெப்பத்தையும் ஆல்கஹாலையும் தாங்குபவை. காட்டு ஈஸ்ட் தரும் கிராம்பு நெடி அவற்றில் இல்லை. தெரிந்த பீர் ஈஸ்ட் ஒன்றும் அடையாளம் தெரியாத வேறொன்றும் கலந்த வம்சம் என்றும் அந்த ஆய்வு காட்டியது.

இந்தக் குணங்கள் எங்கிருந்து வந்தன? வேண்டுமென்றே தேர்ந்து வளர்த்தவையல்ல, வழக்கம் தானாக வடிகட்டியவை என்பதே பொருத்தமான விளக்கம். பண்ணையில் வெப்பமானி இல்லை. நூறு லிட்டருக்கு மேற்பட்ட சாறு ஆறும்வரை காத்திருந்தால் கெடுக்கும் நுண்ணுயிர் முந்திக்கொள்ளும். சூட்டிலேயே போட்டார்கள், தாங்கியது மிஞ்சியது. உலர்த்தினார்கள், உலர்ந்தும் சாகாதது மிஞ்சியது. விருந்து நாள் நெருங்கிவிட்டது என்று சீக்கிரம் எடுத்தார்கள், வேகமாக நொதித்தது மிஞ்சியது. அசலான க்வைக் பெரும்பாலும் பல ஈஸ்ட் வகைகளின் கூட்டம். ஆய்வகங்கள் விற்கும் பொட்டலத்தில் அதிலிருந்து பிரித்தெடுத்த ஒற்றை வகை மட்டுமே இருப்பது வழக்கம். வசதிக்கு அது போதும், மரபு என்று சொல்லப் போதாது.

இனி வீட்டுச் சமையலறை. செசோனையே விரும்புபவருக்கு 20 லிட்டருக்கு நாலரைக் கிலோ பில்ஸ்னர் மால்ட், அரைக் கிலோ கோதுமை மால்ட், ஐரோப்பிய ஹாப்ஸ் கொஞ்சம் போதும். மசாலாக்கள் எதுவும் வேண்டாம். மணம் ஈஸ்ட்டிலிருந்து வர வேண்டும். மல்லியையும் ஆரஞ்சுத் தோலையும் கொட்டுபவர்கள் தங்கள் ஈஸ்ட்டை நம்பாதவர்கள். மால்ட்டை 64, 65 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து ஈஸ்ட் எளிதில் உண்ணக்கூடிய சர்க்கரைகளாக உடையும். வடித்த சாற்றை 90 நிமிடம் கொதிக்க வைத்து, 22 டிகிரிக்கு ஆற்றி ஈஸ்ட் சேர்த்து, பிறகு வெப்பத்தை 28, 30 என ஏறவிட வேண்டும். டுப்போனைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஈஸ்ட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அடர்த்தி 1.035ஐ ஒட்டி இறங்கியதும் நின்றுவிட்டதுபோல் பாசாங்கு செய்யும். பதறாமல் சூட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றி வாரக்கணக்கில் காத்திருந்தால் மறுபடி நகரும். தொடக்க அடர்த்தி 1.052, இறுதி 1.004 என்றால் ஆல்கஹால் சுமார் 6.3 சதவீதம்.

அந்த வறட்சிக்குக் காரணமும் ஆபத்துக்குக் காரணமும் ஒன்றே. செசோன் ஈஸ்ட்டுகளில் பலவற்றுக்கு எஸ்டிஏ1 என்ற மரபணு இருக்கிறது. அது சுரக்கச் செய்யும் நொதி, மற்ற ஈஸ்ட்டுகள் தொட முடியாத டெக்ஸ்ட்ரின்களையும் மெதுவாகச் சர்க்கரையாக உடைத்துவிடும். முடிந்துவிட்டது என்று நினைத்து 1.010இல் பாட்டிலில் அடைத்தால், உள்ளே அது 1.002 வரை தின்றுகொண்டே போகும். அடர்த்தியில் 0.001 குறைவது பானத்தின் கன அளவில் ஏறத்தாழ பாதிப் பங்கு கரியமில வாயுவைக் கூட்டும். ஆக, கணக்கில் வராத நான்கு பங்கு வாயு. சாதாரண பீர் பாட்டில் அதைத் தாங்காது. கண்ணாடிச் சில்லாக வெடிக்கும். ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்தும் அடர்த்தி மாறாதிருந்தால் மட்டுமே அடைக்க வேண்டும், அதுவும் ஷாம்பெயின் பாட்டில் போன்ற தடித்த கண்ணாடியில். ஈஸ்ட் தொட்ட குழாய்களையும் விட்டுவைக்கக் கூடாது; அடுத்த பானத்துக்குள்ளும் அது புகுந்துவிடும்.

நார்வே வழி இதைவிட எளிது. மால்ட்டைக் கூடுதலாக எடுத்துத் தொடக்க அடர்த்தியை 1.070, 1.080க்குக் கொண்டுபோக வேண்டும். மெலிந்த சாற்றில் க்வைக் ஊட்டமின்றித் திணறும். மருந்து தெளிக்காத ஜூனிப்பர் கிளை கிடைத்தால் நீரில் போட்டுக் காய்ச்சலாம். தோட்டத்து அலங்காரச் செடிகளில் நச்சு இனங்களும் உண்டு என்பதால், இனம் உறுதியாகத் தெரியாவிட்டால் தொடாமல் விடுவதே அறிவு. கொதிக்க வைக்காத ஏல் என்றால் சாறு 75 டிகிரியையாவது சிறிது நேரம் தொட வேண்டும், இல்லையேல் மால்ட்டின் லாக்டிக் பாக்டீரியா தப்பிவிடும். பிறகு 38 டிகிரிக்கு ஆற்றி ஈஸ்ட்டைச் சேர்த்து, பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைத்தால் போதும். வாயு மிகக் குறைவாக, கிட்டத்தட்டச் சலனமின்றிக் குடிப்பதே அங்கே வழக்கம். ஹாப்ஸ் கசப்புக்கும் நுரைக்கும் பழகிய நாக்குக்கு முதல் மிடறு ஏமாற்றமாகவே இருக்கும்.

கடைப் பொட்டலமும் மூட்டை மால்ட்டும் வைத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் செய்வதைப் பண்ணை ஏல் என்று அழைக்கலாமா? கறாராகச் சொன்னால் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் வோஸ்காரர் மூட்டை மால்ட்டால் செய்வதும் ஸ்டியோர்டால்காரர் ரொட்டி ஈஸ்ட்டால் செய்வதும் மரபு என்றால், நகரவாசிக்கும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. மால்ட் வீடும் ஆல்டர் விறகும் அவருக்கு எட்டாதவை. ஈஸ்ட் எட்டும். ஒவ்வொரு முறையும் புதுப் பொட்டலம் பிரிப்பதை நிறுத்தி, அடியில் தங்கியதை எடுத்துச் சுத்தமான தாளில் பரப்பிக் காயவைத்து உறைபெட்டியில் வைத்து, அதையே அடுத்த முறை போட்டு, மணம் மாறினால் நண்பரிடமிருந்து வாங்கிக்கொண்டால், குறைந்தபட்சம் அந்த ஒரு வழக்கம் அசல். மற்றதெல்லாம், பாட்டில் சீட்டில் அச்சிட்ட களஞ்சியப் படம் உட்பட, வெறும் அலங்காரம்.

40 டிகிரியில் நொதிக்கும் ஈஸ்ட் வெப்ப நாடுகளில் காய்ச்சுபவர்களுக்கு வரப்பிரசாதம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சட்டம் தட்பவெப்பத்தைப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல் நீங்கியது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டம் ஒன்றிய அளவில் வழிவிட்டது. ஆயினும் அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இணங்கவில்லை. சிங்கப்பூரில் சொந்தப் பயனுக்கு அளவோடு காய்ச்சிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது. உரிமமின்றி வீட்டில் பீர் தயாரிப்பது குற்றம். வெளிநாட்டில் இருந்துகொண்டு இதைப் படித்துப் பாத்திரத்தை அடுப்பிலேற்ற நினைப்பவர்கள், தாங்கள் வாழும் ஊரின் சட்டத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.